வானிலிருந்து நிலம் அளத்தல்

நிலத்தை அளந்து கணக்கெழுதி வைத்தல் தமிழருக்குப் புதிய செயலன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், முதலாம் இராசராசன் காலத்திலே, சோழநாட்டு நிலங்கள் கோல்கொண்டு அளக்கப்பட்டன. அளந்த கோலுக்கு 'உலகளந்த கோல்' என்றே பெயர் வழங்கிற்று. ஈழத்திலே ஒல்லாந்தர் தோம்பு எழுதுவித்தனர். ஆங்கிலேயர் 1800 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2 ஆம் திகதி நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். அதன்பின் நெடுங்காலம் சங்கிலியே அளவைக்கு அரசாக விளங்கிற்று. ஒரு சங்கிலி 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அந்த ஏக்கரை நாம் பதினாறு பரப்பாகப் பகுத்துக்கொண்டோம். கோலாயினும் சங்கிலியாயினும், அளப்பவன் தன் கால்களால் அந்நிலத்தை மிதித்தே தீரவேண்டும். முட்புதரும் சேறும் பாம்பும் அவன் வழியிலே கிடந்தன.

மேலேறி நின்று பார்த்தால் ஒரே பார்வையில் எல்லாம் தெரியுமே என்ற ஆசை மனிதனுக்கு எக்காலத்தும் உண்டு. 1858 இல் நாடார் என்னும் புனைபெயர் பூண்ட பிரெஞ்சுக்காரர் ஒருவர் (நம்மவர் பெயர்போல் ஒலிப்பினும் அவர் பாரிசு நகரத்தவர்) வாயுக்கூண்டிலே ஏறி நிலத்தைப் படமெடுத்தார். அப்படம் இன்று இல்லை. 1888 இல் ஆர்தர் பற்றூ என்பவர் பட்டத்திலே கமராவைக் கட்டி ஏற்றினார். 1906 இல் சன்பிரான்சிஸ்கோ நகரம் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்தபோது, ஜோர்ஜ் லோரன்ஸ் என்பவர் பல பட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, பாரமான கமராவை உயர்த்தி, பாழ்பட்ட நகர் முழுவதையும் ஒரே படத்தில் அடக்கினார். ஜெர்மனியிலே மருந்துக்கடை நடாத்திய யூலியசு நொய்புறோணர் என்பவரோ புறாவின் மார்பிலே சிறு கமராவைக் கட்டிப் பறக்கவிட்டு, 1908 இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். புறா தன் விருப்பப்படி பறந்தது. படமும் புறாவின் விருப்பப்படியே அமைந்தது.

வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கல் நாளில் ஏறும் பட்டங்களைக் கண்டவர்களுக்கு லோரன்சின் செயல் வியப்பளிக்காது. அத்துணைப் பெரிய பட்டங்களை ஏற்றவல்ல நம்மவர் அதிலே ஒரு கமராவைக் கட்ட ஏன் எண்ணவில்லை என்பதே வியப்பு.

பின்னர் விமானம் வந்தது. முதல் உலகப் போரிலே எதிரியின் பதுங்குகுழிகளைப் படமெடுக்கப் பயின்ற கலை, போர் முடிந்தபின் நாடுகளின் வரைபடங்களை ஆக்கப் பயன்பட்டது. இலங்கையிலே 1956 இல் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு விமானப்படங்கள் எடுக்கப்பெற்றன. மகாவலி ஆற்றுப்படுகையின் வளங்களை ஆராய்தற்கு அவை அடிப்படையாயின. 1972 இல் அமெரிக்கர் நிலத்தை நோக்கும் முதலாவது 'லான்ட்சாற்' செய்மதியை ஏவினர். இத்துணை ஆகியும் ஓர் இடைவெளி இருந்துகொண்டே வந்தது. இன்றைய லான்ட்சாற் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் 30 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் கொண்ட சதுரம். 900 சதுர மீற்றர் என்பது நம் கணக்கில் மூன்றரைப் பரப்புக்குச் சற்று மேல். வீடு, கிணறு, மாமரம், ஆட்டுக்கொட்டில், நாலு கன்று வாழை ஆகிய யாவும் ஒரே புள்ளியாய், ஒரே நிறமாய்க் கலந்துவிடும். 2015 இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்மதியாகிய 'சென்ரினல்-2' இப்புள்ளியைப் பத்து மீற்றராகக் குறைத்தது. அப்போதும் ஒரு பரப்புக் காணிக்கு இரண்டரைப் புள்ளிதான். விமானமோ அரசுகளுக்கும் பெருங்கம்பனிகளுக்குமே கட்டுபடியாகும். பத்து ஏக்கர் வயலையோ, ஒரு குளத்தின் அணைக்கட்டையோ, ஒரு கண்டற்காட்டையோ அடுத்தடுத்து ஆராய விரும்பும் சிறியோர்க்கு ஏற்ற கருவி இல்லாதிருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே 'ட்ரோன்' எனப்படும் ஆளில்லாச் சிறுவிமானம்.

ட்ரோன் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் தேனீ என்பது பொருள். 1935 அளவில் ஆங்கிலேயர் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காகப் பறக்கவிட்ட ஆளில்லா விமானத்துக்கு 'இராணித் தேனீ' எனப் பெயரிட்டனர். அதிலிருந்தே இப்பெயர் கிளைத்தது என்பர். இதனை அறியாமலே நம் வன்னி மக்கள் போர்க்காலத்திலே தம் தலைக்குமேல் இரைந்த வேவு விமானத்துக்கு 'வண்டு' என்று பெயர் வைத்தனர். இரு மொழியாரும் இரையும் பூச்சியின் பெயரையே இட்டிருக்கின்றனர். இந்த ஒலியைப்பற்றிப் பின்னும் சொல்லவேண்டியுளது.

உழவுக்கு இக்கருவியை முதலிற் பெருக வழங்கியவர் யப்பானியர். கிராமங்களிலே இளைஞர் குன்றி முதியோரே வயலில் எஞ்சியமையால், மருந்து தெளிக்க ஆள் கிடைக்கவில்லை. 1987 இல் யமஹா கம்பனி இருபது கிலோகிராம் பாரத்தைச் சுமக்கவல்ல ஆளில்லா ஹெலிகொப்டரை ஆக்கிற்று. இன்று அளவைக்குப் பயன்படுவன பெரும்பாலும் நான்கு சுழலிகளையுடைய சிறு பொறிகள். இவை நின்ற இடத்திலிருந்தே எழும். வானில் அசையாது நிற்கும். மின்கலம் தீர்வதற்கு இருபது முப்பது நிமிடம் ஆகும். சிறகுடைய மற்றொரு வகை ஏறத்தாழ ஒரு மணி நேரம் பறக்கும், ஆனால் நிற்கமாட்டாது. சோழகக் காற்று உரத்து வீசும் மாதங்களில் இரண்டையும் பெட்டியிலே வைத்திருத்தல் நன்று.

இனிப் பாடத்துக்கு வருவோம். ட்ரோன் அளவையின் உயிர்நிலை ஒன்பதாம் பத்தாம் வகுப்புக் கேத்திரகணிதத்திலே கிடக்கின்றது. ஊசித்துளைக் கமராவை நினைத்துக்கொள்க. நிலத்திலுள்ள ஒரு கோட்டின் இரு முனைகளிலிருந்தும் வரும் கதிர்கள் வில்லையின் நடுவே ஒன்றையொன்று வெட்டி, உள்ளே உணரித்தகட்டில் விழுகின்றன. வெளியே ஒரு பெரிய முக்கோணி; உள்ளே ஒரு சிறிய முக்கோணி; இரண்டும் இயல்பொத்தவை. ஆகவே, நிலத்தின் அகலத்துக்கும் தகட்டின் அகலத்துக்கும் உள்ள விகிதம், பறக்கும் உயரத்துக்கும் குவியத் தூரத்துக்கும் உள்ள விகிதத்துக்குச் சமம். சூத்திரம் இவ்வளவே.

எண்களை இட்டுப் பார்க்கலாம். வழக்கிலுள்ள ஒருவகைக் கமராவின் தகடு 13.2 மில்லிமீற்றர் அகலமும் 8.8 மில்லிமீற்றர் உயரமும் உடையது. குவியத் தூரமும் 8.8 மில்லிமீற்றர். 100 மீற்றர் உயரத்திலிருந்து நேர்கீழே நோக்கினால், படத்தில் அடங்கும் நிலத்தின் அகலம் 150 மீற்றர். மற்றைப் பக்கம் 100 மீற்றர். பரப்பளவு 15,000 சதுர மீற்றர்; ஏறத்தாழ 59 பரப்புக் காணி. தகட்டின் அகலத்திலே 5472 படப்புள்ளிகள் உள. 150 மீற்றரை 5472 ஆல் வகுத்தால், ஒரு புள்ளி நிலத்தில் 2.74 சென்ரிமீற்றரைக் குறிக்கும் என்பது பெறப்படும். செய்மதியின் புள்ளியிலே வீடும் கிணறும் கரைந்துபோயின அல்லவா? இங்கே கிணற்றுக்கட்டிலே கிடக்கும் வாளி தெரியும். உயரத்தை 50 மீற்றராகக் குறைத்தால் புள்ளி 1.37 சென்ரிமீற்றர், ஆனால் ஒரு படத்தில் அடங்கும் நிலம் காற்பங்காகச் சுருங்கிவிடும். நுணுக்கம் வேண்டுவோன் விரிவை இழப்பான்.

ஒரு படம் படமே, வரைபடமன்று. மேடும் பள்ளமும் அதிலே தெரியா. இதற்கும் விடை நம் முகத்திலேயே இருக்கின்றது. ஒரு விரலை மூக்குக்கு நேரே நீட்டி, இடக்கண்ணாலும் வலக்கண்ணாலும் மாறிமாறிப் பார்க்க: விரல் பின்னாலுள்ள சுவரின்மேல் இடம்பெயர்வதாய்த் தோன்றும். விரலை அருகே கொணர்ந்தால் பெயர்ச்சி கூடும். இதுபோலவே, ட்ரோன் சற்று நகர்ந்து எடுத்த இரு படங்களிலே பனையின் வட்டு அதிகமாகவும் அதன் அடி குறைவாகவும் இடம்பெயரும். அந்தப் பெயர்ச்சியிலிருந்து உயரத்தைக் கணிக்கலாம். இதற்காக ஒரே நிலத்துண்டு பல படங்களிலே விழுமாறு பறப்பர். முன்னோக்கிச் செல்லும்போது நூற்றுக்கு எண்பதும், பக்கவாட்டில் எழுபதும் ஒன்றன்மேல் ஒன்று படிய எடுத்தல் வழக்கம். மேலே கண்ட கணக்கிலே, ஒவ்வொரு படமும் முன்னே 20 மீற்றரும் பக்கத்தே 45 மீற்றரும் மட்டுமே புதிய நிலத்தைச் சேர்க்கும். அஃதாவது 900 சதுர மீற்றர். பத்து ஏக்கர் வயலுக்கு 45 படங்கள் வேண்டும். ஓரங்களுக்கு இன்னும் சில. இவற்றைக் கணினி ஒப்புநோக்கி, சமவுயரக் கோடுகளோடு கூடிய நிலவுருவை ஆக்கித் தரும்.

நிலவுரு கிடைத்தால் தோண்டிய மண்ணையும் அளக்கலாம். ஒரு முறை பறந்து எடுத்த நிலவுருவிலிருந்து சில மாதம் கழித்து எடுத்ததைக் கழித்தால், எஞ்சுவது குழி. ஒரு பரப்பு நிலம் 253 சதுர மீற்றர். அதிலே இரண்டு மீற்றர் ஆழம் மணல் அகழ்ந்தால் 506 கன மீற்றர். வியாபாரத்திலே 'கியூப்' என்று சொல்லும் நூறு கனவடிக் கணக்கில் 178 கியூப்புக்கு மேல். மணல் ஏற்றிச் சென்ற வாகனங்களை இரவிலே எண்ணிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. குழியே கணக்குச் சொல்லும்.

இத்துணைச் சிறப்புடைய கருவிக்கு ஒரு பெருங்குறை உண்டு. அது படத்தை நுணுக்கமாகக் காட்டும். தான் நின்ற இடத்தை நுணுக்கமாக அறியாது. சாதாரண ட்ரோனிலுள்ள செய்மதி இடங்காட்டி சில மீற்றர் பிழைபடும். ஆதலால் நிலத்திலே ஆங்காங்கு வெள்ளைத் துணியாலோ சுண்ணாம்பாலோ குறுக்குக் குறிகளை இட்டு, அவற்றின் இடத்தை நுண்கருவியால் தனியே அளந்து, படத்தை அவற்றோடு பொருத்துதல் வேண்டும். இச்சிறு வேலையைச் சோம்பலால் விட்டவன் அழகான பிழையொன்றை உடையவனாவான்.

இதனை யான் கண்கூடாகக் கண்டேன். நெடுங்காலம் மக்கள் செல்லவொண்ணாதிருந்து பின்னர் விடுவிக்கப்பட்ட ஓர் ஊரிலே, அயற்காணிக்காரர் இருவர்க்கிடையே எல்லைப் பிணக்கு. வீடில்லை, வேலியில்லை, ஒழுங்கையுமில்லை, பற்றைக்காடு மூடிவிட்டது. அனுமதிபெற்ற நில அளவையாளர் ஒருவர் ட்ரோன் கொண்டுவந்தார். யான் மேல்வகுப்பு மாணவர் சிலரை உடனழைத்துச் சென்றேன். கீழே நின்று பார்க்குங்கால் காடு காடாகவே தெரிந்தது. படத்திலோ, புதர்களின் நடுவே பூவரசும் முள்முருக்கும் ஒரே வரிசையாய்ச் சென்றன. முன்னாளில் நட்ட வேலிக் கதியால்கள் வெட்டுவாரின்றி மரங்களாகிவிட்டன! இருபதாண்டுக்கு மேலாக ஒருவருமறியாது நின்ற வேலி, வானிலிருந்து பார்த்தபோது கோடு கீறினாற்போலத் தோன்றிற்று. மாணவர் ஆரவாரித்தனர்.

ஆரவாரம் நெடுநேரம் நிற்கவில்லை. பிணக்குக்குரிய துண்டின் அகலம் ஒன்றரை மீற்றருக்கு மேற்படாது. இடங்காட்டியின் பிழையோ அதனிலும் பெரிது. குறிகளை இட்டு மறுபடி பறந்த பின்னரே படம் நம்பத்தக்கதாயிற்று. அதன்பின் வேறொரு கேள்வி எழுந்தது. வேலி வரிசை நடுவே சற்று வளைந்திருந்தது. ஒருவர் அவ்வளைவே எல்லை என்றார். மற்றவர், முன்னாளிலேயே வேலி அடைக்கும்போது ஆண்டுக்கொரு சாணாக நகர்த்திய களவு அது என்றார். யாழ்ப்பாணத்துக் கதியால்கள் இரவிலே நடக்கும் இயல்பின என்பதை நாம் எல்லோரும் அறிவோம். வேலி எங்கே இருந்தது என்பதைப் படம் காட்டிற்று; எங்கே இருந்திருக்க வேண்டும் என்பதை அது காட்டவில்லை. அதற்கு உறுதியும் பழைய நில அளவைப் படமும் வேண்டும். 2002 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி அதனைச் செய்யத் தகுதியுடைய அளவையாளரின் ஒப்பமும் வேண்டும். மாமரத்தின் நிழலிலே மறைந்த எல்லைக்கல்லைத் தேட ஒருவன் குனிந்தே ஆகவேண்டும்.

இனி நிறம் பற்றிய பாடம். இலை ஏன் பச்சையாகத் தெரிகின்றது? அதிலுள்ள பச்சையம் செந்நிற ஒளியையும் நீலநிற ஒளியையும் உட்கொண்டு, பச்சையை ஓரளவு திருப்பியனுப்புகின்றது. கண்ணுக்குப் புலனாகாத செங்கீழ்க் கதிர்களை இலை என் செய்கின்றது? உள்ளேயுள்ள காற்றிடைவெளி மிகுந்த இழையம் அவற்றிற் பெரும்பங்கைத் தெறிக்கச் செய்கின்றது. நலமுள்ள பயிர் செந்நிறத்தில் கரியது. செங்கீழ்க் கதிரில் ஒளிமிக்கது. நீரின்றியோ நோயாலோ இலை நலிந்தால், செந்நிறத் தெறிப்புக் கூடும், மற்றையது குறையும். கண்ணுக்கு மஞ்சள் தோன்றுமுன்னரே இம்மாற்றம் தொடங்குவதும் உண்டு. இரண்டையும் தனித்தனியே பதியும் கமராவை ட்ரோனில் பொருத்தி, செங்கீழ்த் தெறிப்பிலிருந்து செந்நிறத் தெறிப்பைக் கழித்து, வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பர். இதுவே தாவரச் சுட்டெண். 1970 களில், முதற் செய்மதிப் படங்களை ஆராய்ந்த அறிஞர் வழக்கிற் கொணர்ந்தது.

உதாரணமாக, செழித்த நெல் செந்நிறத்தில் நூற்றுக்கு 5 உம் செங்கீழ்க் கதிரில் 50 உம் தெறிப்பின், 45 ஐ 55 ஆல் வகுக்க 0.82 வரும். நலிந்த பகுதி 12 உம் 30 உம் ஆயின், 18 ஐ 42 ஆல் வகுக்க 0.43. வெறுந்தரை 20 உம் 25 உம் ஆயின் 0.11. நீர்ப்பரப்புப் பெரும்பாலும் சுழியிலும் கீழே போகும். இவ்வெண்களுக்கு நிறம் கொடுத்து விரித்தால், வயலின் எம்மூலை வாடுகின்றது என்பது ஒரு பார்வையில் விளங்கும்.

ஏன் வாடுகின்றது என்பது மட்டும் விளங்காது. பசளைக் குறையா, தண்ணீர்க் குறையா, பூச்சியா, உவரா என்று சுட்டெண் பிரித்துச் சொல்லாது. காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியைப் போன்றது அது. குடாநாட்டின் நிலைமையிலே இவ்வெச்சரிக்கை மிக வேண்டற்பாலது. நமக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லிலே மழைநீர் இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீர் வில்லைபோல் மிதக்கின்றது. அதனை இறைத்தே தோட்டம் செய்கின்றோம். மட்டுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். வெங்காயப் பாத்தியொன்று சிவந்த நிறத்தில் படத்திலே தெரியும்போது, பசளை போதாது என்றெண்ணி மேலும் யூரியா இடுபவன், உவரோடு நைத்திரேற்றையும் தன் கிணற்றுக்கே சேர்ப்பவனாவான். படத்தைப் பார்த்தவன் கிணற்று நீரை ஒருகால் நாக்கிலே வைத்தும் பார்க்கவேண்டும்.

காட்டுயிர் ஆராய்ச்சியிலே ட்ரோன் செய்த உதவிகளுள் சிலவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன். ஒராங்குட்டான் குரங்கு ஒவ்வொரு மாலையும் மரத்தலையிலே புதுப் படுக்கை கட்டும். அவற்றை எண்ணிக் குரங்கின் தொகையை மதிப்பிடுவோர் சேற்றிலும் மலையிலும் நாட்கணக்கில் நடந்து திரிவர். 2012 இல் சேர்ஜ் விச், லியன் பின் கோ என்னும் இரு அறிஞர், இரண்டாயிரம் டொலருக்கும் குறைந்த செலவிலே தாமே ஆக்கிய ட்ரோனைச் சுமாத்திராக் காட்டின்மேற் பறக்கவிட்டு, அப்படுக்கைகளை வானிலிருந்தே படமெடுத்தனர். ஹவாய்த் தீவுக் கூட்டத்துக் கவாய் என்னும் தீவிலே, 1991 இல் கண்டறியப்பட்ட செம்பரத்தை இனச் செடியொன்று 2016 இல் அற்றுப்போன இனமாகப் பதியப்பட்டது. 2019 இல் மனிதன் ஏறமுடியாத செங்குத்துப் பாறையிலே அது உயிரோடு நிற்பதை ட்ரோன் கண்டது. அவுஸ்திரேலியாவிலே பிளாத்திக்கு வாத்துகளைக் கடற்கரையிலே பரப்பி, தூரத்தில் நின்று கண்ணால் எண்ணுவோரையும் ட்ரோன் படத்தையும் போட்டிக்கு விட்டனர். வாத்துகளின் உண்மைத்தொகை முன்னரே தெரிந்திருந்தமையால் பிழையை மறைக்க வழியில்லை. 2018 இல் வெளியான முடிவின்படி, படம் 43 முதல் 96 சதவீதம் வரை துல்லியம் மிகுந்ததாயிருந்தது.

மறுபக்கமும் உண்டு. 2021 மே மாதத்திலே கலிபோர்ணியாவிலுள்ள போல்சா சிக்கா என்னும் சதுப்புநிலக் காப்பகத்திலே ஒரு ட்ரோன் விழுந்தது. அங்கே கூடு கொண்டிருந்த ஆலாப் பறவைகள் அஞ்சி எழுந்து போய்விட்டன; ஏறத்தாழ 1500 முட்டைகள் கைவிடப்பட்டன. நம் கடனீரேரிகளுக்குப் பூநாரைகள் வருங்காலத்திலே, அவை ஒருங்கே எழுந்து பறக்கும் காட்சியைப் படமெடுக்க ஆவலுற்று ட்ரோனைத் தாழப் பறக்கவிடும் இளைஞர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

பறவைக்கு மட்டுமா அச்சம்? மேலே சொன்ன எல்லை அளவை நாளிலே நிகழ்ந்த ஒன்றை எழுதாமல் விடுதல் நேர்மையன்று, பிழை என்னுடையது. காணிக்காரர் இருவர்க்கும் அறிவித்திருந்தேன். அயலில் மீளக் குடியேறியிருந்த மற்றை வீடுகளுக்குச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ட்ரோன் எழுந்து இரைந்த சிறிது நேரத்தில், அடுத்த முற்றத்திலே ஒடியல் காயவைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் சுளகை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் 2009 இல் வன்னியில் இருந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். ட்ரோனை இறக்கியபின் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, உது திரும்பியும் வருமோ?" என்று மட்டும் கேட்டார். "இல்லை ஆச்சி, அளந்து முடிஞ்சுது" என்றேன். "முந்தியும் உது வந்து சுத்திப் பாத்திட்டுப் போனாப் பிறகுதான் செல் வந்தது" என்று சொல்லி, சிந்திய ஒடியலைப் பொறுக்கத் தொடங்கினார். உடன்வந்த மாணவர்கள் அப்போரின் பின் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ட்ரோன் என்றால் கலியாண வீட்டுப் படம். அவர்களும் குனிந்து பொறுக்கினார்கள்.

மறுநாட் காலை குறிகளை இட்டு இரண்டாம் முறை பறக்கவேண்டியதாயிற்று. 'முடிந்தது' என்று நான் சொன்னது பொய்யாயிற்று. அன்று மாலையே நானும் இரு மாணவரும் அவ்வொழுங்கை வீடுகள் அனைத்துக்கும் சென்று, எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம், எதற்காக என்று சொல்லிவந்தோம். ஆச்சி தாம் அந்நேரம் கோயிலுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். போய்விட்டார்.

இலங்கையிலே ட்ரோனைப் பதிவுசெய்து, சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் நிபந்தனைகளுக்கு அடங்கியே பறக்கவிடல் வேண்டும். 2019 ஏப்பிரல் குண்டுவெடிப்புகளின் பின் அச்சபை சிலகாலம் பறத்தலை முற்றாகவே நிறுத்திவைத்தது. அச்சட்டம் ஆகாயத்தின் பாதுகாப்பை நோக்கியது. ஒழுங்கையிலுள்ள வீடுகளுக்குச் சொல்லிவருதல் பறப்பவனின் கடமையாகவே இருக்கின்றது. இன்னுமொன்று. நம் முன்னோர் கிணற்றடியைக் கிடுகால் மறைத்தனர். வளவைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் வேலி அடைத்தனர். தெருவிலே போவோர் கண்ணுக்கு அது தடை. மேலிருந்து நோக்கும் கண் வரும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கிணற்றடிக்குக் கூரையும் போடவில்லை. வாளி தெரியும் என்று மேலே கணக்குப் பார்த்தோமே, அங்கே குளிப்பவரும் தெரிவர். ஆதலின் காலையிலும் மாலையிலும் குடிமனைகளின்மேற் பறவாதிருத்தலும், அளவைக்கு வேண்டாத படங்களை அன்றே அழித்துவிடுதலும் இக்கலை பயில்வோர்க்கு முதற்பாடமாதல் வேண்டும். கருவியின் விலையைப் பற்றி விசாரிக்கும் மாணவர்களுள் இதைப்பற்றி விசாரித்தவன் இதுவரை ஒருவனே.

பிணக்குற்ற காணிக்காரர் இருவரும் அந்த ஒன்றரை மீற்றரைப் பற்றி இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. பூவரசுகளை வெட்டுவதில்லை என்ற அளவில் மட்டும் உடன்பட்டிருக்கின்றனர்.

ட்ரோன் வாங்க வசதியில்லாத மாணவர்க்கு லோரன்சின் வழி திறந்தேயிருக்கின்றது. வாடைக்காற்றிலே ஏறும் நல்ல கொடிப்பட்டம் ஒன்று, வெட்டவெளி, கைத்தொலைபேசியொன்று ஆகியன போதும். விண் பூட்டவேண்டாம், அதன் அதிர்வு படத்தைக் கெடுக்கும். தொலைபேசி அண்ணனுடையதாயின் அவரிடம் முன்னரே கேட்டுக்கொள்க. கணக்கு வருமாறு:

நூலின் நீளம் 70 மீற்றர். நூல் தரையோடு ஆக்கும் கோணம் 60 பாகை. நூலின் தொய்வைப் புறக்கணிக்க. தொலைபேசிக் கமராவின் தகடு 6 மில்லிமீற்றர் அகலமும் 4.5 மில்லிமீற்றர் உயரமும் உடையது. குவியத் தூரம் 4.5 மில்லிமீற்றர், அகலத்தில் 4000 படப்புள்ளிகள் உள. (அ) பட்டத்தின் உயரத்தைக் கிட்டிய மீற்றருக்குக் காண்க. (ஆ) ஒரு படத்தில் எத்தனை பரப்புக் காணி அடங்கும்? (இ) ஆறு சென்ரிமீற்றர் அகலமுள்ள எல்லைக்கல் படத்தில் எத்தனை புள்ளிகளாகத் தோன்றும்? (ஈ) காற்றுத் தளர்ந்து நூலின் கோணம் 45 பாகையாயின், மேற்கண்ட விடைகள் எவ்வாறு மாறும்?